ஒரே கேபிள் மானிட்டர்: வாங்கலாம், சார்ஜை 80-ல் நிறுத்தத் தெரிந்தால்

27 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. பிராண்டு பெயர் வேண்டாம், சொல்லப் போவது யூஎஸ்பி-சி வழியாக 65 வாட் சார்ஜ் தரும் எந்த மானிட்டருக்கும் பொருந்தும். படம் நன்றாக இருக்கிறது, எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஸ்பீக்கர் சும்மா பேருக்கு.

வாங்கியதே அந்த ஒரு கேபிளுக்காகத்தான். காலையில் லேப்டாப்பில் செருகினால் படம் வரும், சார்ஜ் ஏறும், மானிட்டருக்குப் பின்னால் சொருகிய கீபோர்டு, மவுஸ் எல்லாம் வேலை செய்யும். லேப்டாப்பின் சொந்த சார்ஜர் பையை விட்டு வெளியே வந்தே பல நாள் ஆகிறது. பேட்டரிக்கு எமனும் இந்த வசதிதான், பகல் முழுக்க சார்ஜ் 100 சதவீதத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அனுபவத்தில் சொல்கிறேன். முந்தைய லேப்டாப்பை இரண்டு வருடம் இப்படித்தான் பெரிய திரையோடு கட்டிப்போட்டிருந்தேன், அதுவும் மூடியை மூடி. முதலில் டச்பேடை அழுத்தினால் உள்ளே இறங்கவில்லை, தூசி என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தேன். அப்புறம் மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடியது. அடிமூடியைக் கழற்றிய சர்வீஸ்காரர் எதுவும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார், பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: முழு சார்ஜிலேயே கிடப்பது, சூடு. 100-ல் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அல்லது அதற்கும் மேலே நிற்கும், அந்த நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் ஒரு நாள்கூட பேட்டரியில் ஓட்டாவிட்டாலும் அது தேய்ந்துகொண்டுதான் இருக்கும். சென்னை மே மாதத்தில் மூடியையும் மூடி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது இருப்பது திங்க்பேட் ஈ14. லெனோவோ வான்டேஜ் செயலியில் சார்ஜ் வரம்பை 75-80 என்று வைத்தேன்: 80-ல் நின்றுவிடும், 75-க்குக் கீழே போனால்தான் மறுபடி ஏறும். நடுவில் லேப்டாப் மானிட்டர் தரும் கரண்டிலேயே ஓடும், பேட்டரி சும்மா இருக்கும். செருகியிருந்தும் சார்ஜ் ஏறவில்லையே என்று முதல் நாள் பதறினேன், அதுதான் சரியான நிலை. டெல், எச்பி லேப்டாப்களில் இதைப் பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) தேட வேண்டும், ஆசுஸுக்கு மைஆசுஸ் செயலி, லினக்ஸ்காரர்களுக்கு டிஎல்பி என்ற மென்பொருள் இருக்கவே இருக்கிறது.

பலன்? விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையில் எடுக்கும் பேட்டரி அறிக்கையைப் பார்த்தேன். முழு சார்ஜில் பேட்டரி பிடிக்கும் அளவு புதிதில் 57 வாட்-அவர், இப்போது 55-க்குக் கொஞ்சம் மேலே. எனக்குத் திருப்தி.

கேபிள் விஷயத்தில்தான் ஏமாந்தேன். மானிட்டரோடு வந்தது குட்டையாக இருக்கிறதே என்று ரிச்சி தெருவில் இரண்டு மீட்டரில் ஒன்று வாங்கினேன். சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை. அது யூஎஸ்பி 2.0 கேபிள், அதில் படம் வராது என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்னொன்று, 3 ஆம்ப் கேபிள் என்றால் 20 வோல்ட்டில் 60 வாட் வரைதான் வரும். 65 முழுசாக வேண்டுமென்றால் 5 ஆம்ப் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேமிங் லேப்டாப்காரர்கள் இந்த மானிட்டரை நம்ப வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும்போது 65 வாட் பற்றாது, செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும், ஏறும், இறங்கும்.

குறை என்றால் 80-ல் நிறுத்தியிருப்பதை நானே மறந்துவிடுவதுதான். ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்ற வேண்டும், போன முறை மறந்து திருநெல்வேலி பஸ்ஸில் பாதி வழியிலேயே லேப்டாப் படுத்துவிட்டது. அப்புறம் எங்கள் வீட்டில் ராத்திரி சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் அம்மா படுப்பார். மானிட்டர் சுவிட்சும் அதில் சேர்த்தி, ஸ்லீப்பில் விட்ட லேப்டாப் காலையில் 71-ல் நிற்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை, பேட்டரிக்கும் அது நல்லதுதான்.