கேபினெட்டை மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள் என்றால் முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏமாற்றினால் கிராஃபிக்ஸ் கார்டில்தான் ஏமாற்றுவார்கள் என்று எல்லோரும் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். அது கண்ணாடிக்குப் பின்னால் கலர் கலராக விளக்குப் போட்டுக்கொண்டு ஒழுங்காகவே உட்கார்ந்திருக்கும். கை வைப்பதெல்லாம் கண்ணுக்குப் படாத எஸ்எஸ்டி (வேகமான சிப் டிஸ்க்), ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) இந்த மூன்றில். எங்களுக்கு மூன்றிலுமே வைத்தார்கள்.

தங்கை மகன் பிளஸ் டூ முடித்ததும் கேமிங் பிசி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். என்னென்ன பாகம் என்று அவனே மாதக்கணக்கில் வீடியோ பார்த்துப் பட்டியல் போட்டு வைத்திருந்தான், பட்டியலும் சரியான பட்டியல்தான்: ஐ5 12400எஃப் பிராசசர், பி660 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு குச்சி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஜென் 4 (நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டி, படம், ரெக்கார்டிங் எல்லாம் போட்டு வைக்க 2 டிபி ஹார்ட் டிஸ்க், 650 வாட் பிரான்ஸ் (வெண்கலத் தரம்) எஸ்எம்பிஎஸ். மானிட்டரோடு சேர்த்து 80,000 ரூபாயைத் தாண்டியது. விழுப்புரத்திலிருந்து ரயிலேறி இரண்டு பேரும் போனோம். ஒவ்வொன்றுக்கும் மாடல் பெயரைப் போட்டுக் கடைக்காரரே கைப்பட கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இப்போது அதற்குத்தான் மதிப்பு.

“பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் ஏறும் சார், எஸ்டிமேட்லயே முடிச்சுக்கலாமா?” என்று ஆரம்பித்தார். பில் வேண்டும் என்றேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் போட்டுக் கொடுத்தார். அதில் ‘1 டிபி எஸ்எஸ்டி’, ‘2 டிபி ஹெச்டிடி’, ‘எஸ்எம்பிஎஸ் 650’ என்று மொட்டையாக இருந்தது. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கேட்டதற்கு, “எல்லாம் சிஸ்டம்ல ஏத்தியிருக்கு சார், வாரண்டிக்கு வந்தா நாங்களே எடுத்துப்போம்” என்றார். அசெம்பிள் செய்யும் பையன் பக்கத்துச் சந்தில் மாடியில் இருக்கிறானாம், கூட்டமாக இருக்கிறதாம், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். இந்த ‘சாயங்காலம் வாங்க’ இருக்கிறதே, எல்லாம் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

சாயங்காலம் போனபோது கேபினெட் மூடி, திருகாணிமேல் கடை ஸ்டிக்கர் ஒட்டி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி, காலிப் பெட்டிகளை ஒரு பெரிய பையில் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டிகள் எல்லாம் கொட்டேஷனில் இருந்த அதே மாடல்.

முதலில் தொந்தரவு வந்தது எஸ்எம்பிஎஸ்ஸில். கேம் விளையாடும்போது நடுவில் திடீரென்று அணைந்து தானாகவே திரும்ப ஏறும். சித்திரை வெயில், வோல்டேஜ் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் அவனுடைய நண்பன் ஒருவன் எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியில் ஒரு கேமைக் கொண்டுவந்தான், 100 ஜிபிக்கு மேல் இருக்கும். காப்பி போட்டதும் விண்டோஸின் அந்தப் பச்சை வரைபடம் நொடிக்கு 800 எம்பிக்கு மேல் ஜம்மென்று போனது. கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து உருட்டிவிட்ட கல் மாதிரி கீழே வந்து 70, 80 எம்பியில் படுத்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. “மாமா, இது ஹார்ட் டிஸ்க்கை விட ஸ்லோவா இருக்கு” என்று போன் செய்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் கியூஎல்சி என்ற வகைச் சிப் இருக்கும், ஒரே செல்லில் நான்கு பிட் அடைப்பது. டிஎல்சியில் மூன்று. கியூஎல்சியில் நேராக எழுதினால் மிக மெதுவாகத்தான் எழுதும், அதனால் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொண்டு முதலில் அங்கே எழுதும். டிஸ்க் காலியாக இருக்கும்போது அந்த இடம் தாராளமாக இருப்பதால் கடையில் ஓட்டிக் காட்டும் டெஸ்டில் எதுவும் தெரியாது. பாதிக்கு மேல் நிறைந்த பிறகு பெரிய ஃபைல் ஒன்றைப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். நாங்கள் கேட்டிருந்தது டிஎல்சி.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இன்ஸ்டால்கூட செய்ய வேண்டாம், போர்ட்டபிள் பதிப்பைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் போதும். அதைத் திறந்து பார்த்தால் மேலே மாடல் பெயரே வேறு. அதே கம்பெனிதான், ஆனால் இரண்டு படி கீழே உள்ள மாடல். ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ என்ற கட்டத்தில் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் இரண்டு எண் இருக்கும். இடது பக்கம் இருப்பது இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் இருப்பது அந்த டிஸ்க்கால் முடிந்த வேகம். வலது பக்கம் 4.0 இருந்து இடது பக்கம் 3.0 இருந்தால் தப்பான ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறார்கள் அல்லது மதர்போர்டு பழசு என்று அர்த்தம். எங்களுக்கு இரண்டு பக்கமும் 3.0. அதாவது டிஸ்க்கே ஜென் 3. ஜென் 4 டிஸ்க் நொடிக்கு 7,000 எம்பி வரை படிக்கும், ஜென் 3 அதிகபட்சம் 3,500 சுற்றி. கேம் திறக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் காசு வாங்கியது ஜென் 4க்கு.

எஸ்எஸ்டியை அடியில் வைத்து மேலே மதர்போர்டின் ஹீட்சிங்க் பட்டையைத் திருகிவிடுகிறார்களா, லேபிள் யாருக்கும் தெரியாது. கழற்றிப் பார்த்தோம், லேபிளில் இருந்த சீரியல் வேறு, பெட்டியில் இருந்த சீரியல் வேறு.

ஹார்ட் டிஸ்க்தான் இதில் உச்சம். அதே சாஃப்ட்வேரில் அடுத்த டிஸ்க்கைச் சொடுக்கினால் ‘காஷன்’ என்று மஞ்சளாக நிற்கிறது. ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ 38,000க்கு மேல். வருடத்துக்கு 8,760 மணி நேரம், போட்டுப் பாருங்கள், நாலு வருடத்துக்கும் மேலாக ராப்பகலாக ஓடிய டிஸ்க். ஆனால் எத்தனை முறை ஆன் செய்யப்பட்டது என்ற எண் நூறைக்கூடத் தொடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி இருக்கவே முடியாது. ஆன் செய்துவிட்டு அணைக்காமலே விடும் இடம், அநேகமாக சிசிடிவி டிவிஆர். மாடல் எண்ணைத் தேடினால் அதுவும் கண்காணிப்புக் கேமராவுக்கென்றே வரும் வகைதான். மேலே ஒட்டியிருந்த லேபிள் மட்டும் டெஸ்க்டாப் மாடல், பளபளவென்று புத்தம் புதுசு. அதன் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பியதும் கீழே பழைய லேபிளைச் சுரண்டி எடுத்த பசைத் தடம். கேபிள் மாட்டும் இடத்தில் தங்க நிறம் தேய்ந்து கோடு கோடாக இருந்தது. உள்ளே பதிவாகியிருந்த சீரியல் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

அந்தச் சாஃப்ட்வேரில் 05, சி5 என்று இரண்டு வரிகள் வரும். 05 என்றால் கெட்டுப்போய் மாற்றிய செக்டர்கள், சி5 என்றால் கெடுவதற்குக் காத்திருப்பவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்களுடையதில் இரண்டிலும் எண் இருந்தது. பையன் பள்ளிக்கூட ஃபேர்வெல் படங்களை எல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தான், நல்ல வேளையாக அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம்.

மணிக்கணக்கு பூஜ்யமாக இருந்தால் புதுசு என்றும் நம்பிவிடாதீர்கள், அதை அழிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு பெரிய விவகாரம் வெளியே வந்தது: சீகேட் கம்பெனியின் சர்வர் ஹார்ட் டிஸ்க்குகளைப் பல வருடம் ஓட்டிவிட்டு, வழக்கமான கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். சீகேட் டிஸ்க்குகளில் ‘ஃபார்ம்’ என்று இன்னொரு பதிவு இருப்பதை அந்த ஆட்கள் அழிக்காமல் விட்டதால் மாட்டிக்கொண்டார்கள். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியின் புதிய பதிப்பில் அந்தப் பதிவைப் படிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றினோம். கேபினெட்டின் அடியில் தகரத் தடுப்புக்குப் பின்னால் இருப்பதால் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத் தெரியாது. பேர் தெரியாத பிராண்ட், பெரிய எழுத்தில் 600 வாட். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பெரிய எழுத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இதில் 25. 12ஐ 25ஆல் பெருக்கினால் 300 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட் இழுக்கும், 12400எஃப் முழு வேகத்தில் 117 வரை போகும், விசிறி, டிஸ்க் எல்லாம் இருக்கிறது. அணையாமல் என்ன செய்யும்?

கடைக்குத் திரும்பிப் போன கதையைச் சுருக்கிக்கொள்கிறேன், எல்லாக் கடையிலும் ஒரே வசனம்தான். முதலில் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டீர்களே, வாரண்டி கிடையாது. அடுத்து, சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டும். அதற்கும் மசியவில்லை என்றதும், அசெம்பிள் செய்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். கடைசியாக, “என்ன சார் படிச்சவங்க, சின்ன விஷயத்துக்குப் போய் கடை வாசல்ல நின்னுக்கிட்டு.” நான்கைந்து வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி 38,000 மணி நேரத்தைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் ஹார்ட் டிஸ்க் காசைத் திருப்பிக் கொடுத்தார். மற்ற இரண்டுக்கும், கொட்டேஷன் பில் ஆகாது என்று கை விரித்துவிட்டார்.

அந்தத் தெருவில் நாணயமான கடைகளும் இருக்கின்றன. மாற்று எஸ்எம்பிஎஸ் வாங்கியது அதே தெருவில்தான், அந்த அம்மா பெட்டியை எங்கள் முன்னால் பிரித்து, சீரியலைப் பில்லில் எழுதி, “ஒருதடவை டேலி பண்ணிக்கோங்க தம்பி” என்று கொடுத்தார். அவ்வளவுதான் வேலை, இரண்டு நிமிடம். அதைச் செய்ய மாட்டேன் என்கிற கடையில் எவ்வளவு விலை குறைத்தாலும் நகர்ந்துவிடுங்கள். அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நிற்க விட மாட்டார்கள் என்றால் சீல் உடையாத பெட்டிகளை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள், மாட்டுவது பெரிய வித்தை இல்லை, ஊரில் யாராவது சர்வீஸ் ஆள் கொஞ்சம் காசுக்குச் செய்து கொடுப்பார். இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சுற்றி வளைத்து வந்த சரக்காக இருந்தால் இங்கே வாரண்டி கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

மாடல் பெயரை அரைகுறையாக எழுத விடாதீர்கள். 3060 என்று மட்டும் எழுதினால் 8 ஜிபி வந்து சேரும். நினைவகம் மட்டுமா குறைகிறது, நினைவகப் பாதையின் அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட் ஆகிவிடும், கார்டே வேறு. ரைசன் 5600 பிராசசர் கேட்டவருக்கு “நூறுதான் சார் வித்தியாசம்” என்று 5500 கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன், பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் 32 எம்பியிலிருந்து 16க்கு இறங்கும், ஜென் 4 எஸ்எஸ்டியின் வேகமும் கிடைக்காமல் போய்விடும். முழு மாடல் பெயர் இருந்தாலும் கம்பெனியே உள்ளே மாற்றுவது தனிக் கதை: டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) தன் ரெட் ஹார்ட் டிஸ்க் வரிசையில் மெதுவாக எழுதும் எஸ்எம்ஆர் வகையைச் சொல்லாமலே கலந்திருந்தது 2020இல் வெளியே வந்தது, 2021இல் குரூஷியல் பி2 எஸ்எஸ்டி அதே பெயரில் டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது. அதற்கு நம்மால் ஆவது வாங்கும் மாதத்தில் வந்த விமர்சனத்தைப் படிப்பது மட்டும்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம், கடைக்காரர் அசையவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திருப்பி எடுக்க பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளைக்குள் எடுத்தாக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. கைப்பட எழுதிய கொட்டேஷன், மொட்டை பில், சீரியல் பொருந்தாத பெட்டியின் படம், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையின் படம் எல்லாம் சேர்த்து விழுப்புரத்திலேயே மனு போட்டிருக்கிறோம். நோட்டீஸ் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது, நேரில் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம். சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டேன். வழக்கு நடப்பதால்தான் கடைப் பெயரை இங்கே போடவில்லை.