செஸ் பிடித்த பிள்ளை: கோச்சிங்கா, வீடா?

2024-ல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, பிள்ளை செஸ் போர்டைத் தொட்டாலே "எந்த அகாடமியில் சேர்க்கலாம்?" என்கிறார்கள் பெற்றோர். சேர்க்கத்தான் வேண்டுமா?

செலவு
வீடு: ஒரு போர்டு போதும். இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை.
கோச்சிங்: மாதக் கட்டணத்தோடு முடியாது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பயணம், கூடவே உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்.

கற்றல்
வீடு: அடிப்படை, எளிய செக்மேட், புதிர்கள் வரை தாராளமாகப் போகலாம். ஆனந்துக்கு ஆட்டம் சொல்லித்தந்தது அவர் அம்மாதான்.
கோச்சிங்: தொட்ட காயை நகர்த்தியே ஆகணும், நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்தணும், ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதணும். இதெல்லாம் மொபைலில் பழக வராது.

ஆசை
எனக்கு முக்கியம் இதுதான்.
வீடு: பாதி ஆட்டத்தில் குதிரைகளை வரிசைகட்டிப் போர் நடத்தினாலும் கேட்பாரில்லை. ஆனால் எப்போதும் அப்பாவோடு மட்டுமே ஆடினால் சலித்துவிடும்.
கோச்சிங்: சம வயது எதிராளிகள் கிடைப்பார்கள். ரேட்டிங், அதாவது போட்டி முடிவுகளை வைத்துத் தரும் மதிப்பெண், வந்தபின்தான் வம்பு. தோற்று வெளியே வரும் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை. அது சுருங்கினால் எந்தக் கோச்சாலும் சரிசெய்ய முடியாது.

ஆறேழு வயது, ஆசையும் புதிது என்றால் வீடே போதும். யாரும் சொல்லாமல் போர்டை விரிக்கிறாள், தோற்ற ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்க்கிறாள், உங்களைச் சுலபமாக ஜெயிக்கிறாள் என்றால் கோச்சிங். பணம் கட்டுமுன் ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள்.