நிஞ்ஜா 1000-ஐ மலைக்குத் தயார்செய்ய: 55 டயரா, ஃபோர்க் இறக்கமா, 43 பல்லா?

கவாசாகி நிஞ்ஜா 1000 பைக் மலையில் திணறினால் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. 1043 சிசி, 111 நியூட்டன் மீட்டர் டார்க். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது தேவைக்கும் மேலே. குறை பின்பக்க உயரத்தில் இருக்கிறது. கம்பெனி டயர் 190/50, அதாவது அகலம் 190 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 50 சதவீதம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, பெட்டிகளும் ஏறிவிட்டால் பின்பக்கம் அமுங்கும். வண்டி சாயவே யோசிக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது எதிர்த்தடத்தை நோக்கி அகலமாக ஓடும்.

இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. எதற்கும் முன்னால் ப்ரீலோடைப் (பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) பாருங்கள், காசு செலவில்லை. பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்கும்போது அச்சிலிருந்து வால்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சுமையோடு உட்கார்ந்து அதே அளவை எடுங்கள். வித்தியாசம் 30 முதல் 35 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். பக்கவாட்டிலுள்ள ப்ரீலோடு திருகைக் கடைசிவரை முறுக்கியும் 45 மி.மீ. காட்டினால் அந்தச் சுமைக்கு ஸ்பிரிங் போதாது என்று பொருள். டயர் மாற்றி அதை மறைக்க முடியாது.

இனி 190/55 டயர். 190-இல் 50 சதவீதம் 95 மி.மீ., 55 சதவீதம் 104.5 மி.மீ. கணக்குப்படி பின் அச்சு 9.5 மி.மீ. உயர்கிறது (டயர் கம்பெனியைப் பொறுத்து ஓரிரு மி.மீ. மாறும்). வீல்பேஸ் (இரு அச்சுகளுக்கு இடையிலான நீளம்) 1440 மி.மீ. அளவில் இருப்பதால் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சுமார் 0.4 டிகிரி செங்குத்தாகிறது. எண் சிறியது, கைக்குத் தெரியும் மாற்றம் பெரியது. 50 டயரின் முதுகு தட்டை. நிமிர்ந்த நிலையிலிருந்து கொஞ்ச நேரம் அடம்பிடித்துவிட்டுச் சட்டென்று சாயும். 55-இன் முதுகு உருண்டை. சாய்வு ஒரே சீராக வரும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையைப் போல இடமும் வலமுமாக வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் தோளுக்கு வேலை குறையும். மிஷ்லின் ரோடு, மெட்ஸ்லர் ரோட்டெக் வகைகளில் இந்த அளவு உண்டு. ஒரு சின்னத் தொல்லை: சைடு ஸ்டாண்டில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கும். சரிவில் பெட்டியோடு நிறுத்தும்போது கவனம்.

ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு மேலே 5 மி.மீ. ஏற்றி முன்பக்கத்தை இறக்குவது இலவச வழி. கிடைப்பது ஏறக்குறைய பாதிப் பலன், 0.2 டிகிரி. தரை இடைவெளி குறையும். ஒட்டுப்போட்ட தாரில் வேகமாகப் போனால் ஹேண்டில் ஆடத் தொடங்கும். இரண்டு பக்கமும் வெர்னியர் அளவுகோல் வைத்துச் சமமாக அளக்காவிட்டால் முன்சக்கர அச்சு நேராக உட்காராது. ஏற்கெனவே 55 போட்டவர்கள் இதையும் சேர்த்துச் செய்யவே வேண்டாம்.

ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) வேறு கதை. அது வண்டியைச் சாய வைக்காது. ஹேர்பினில் (கொண்டை ஊசி வளைவில்) மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளும். கம்பெனி கணக்கு முன்னால் 15 பல், பின்னால் 41. மணிக்கு 25 கி.மீ.யில் இரண்டாம் கியரில் எஞ்சின் 1850 ஆர்பிஎம் பக்கம்தான் சுற்றும். செயின் அடிக்கும், கிளட்சை நழுவவிட வேண்டிவரும். முதல் கியருக்கு இறங்கினால் த்ராட்டில் திறந்ததும் வெட்டி இழுக்கும். பின்னால் 43 பல் போட்டால் இழுவை 4.9 சதவீதம் கூடி 1940 பக்கம் வரும். முன்னால் 14 போடுவது மலிவு, 7 சதவீதம் கிடைக்கும். ஆனால் சிறிய வட்டத்தில் செயின் கடுமையாக மடங்கித் தேயும், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேலுள்ள ரப்பரையும் உரசும். மிச்சம் பிடித்த காசைச் செயின் தின்றுவிடும். (சைலன்சர் மாற்றத்தை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. புலிகள் காப்பகத்துச் சாலையில் கூடுதல் சத்தம் யாருக்கும் வேண்டாம்.)

தனியாகச் சுமையின்றி ஓட்டுபவருக்கு ப்ரீலோடும் 5 மி.மீ. ஃபோர்க் இறக்கமுமே போதும், டயர் தேயும்வரை காத்திருக்கலாம். சுமையோடு போகிறவருக்கு 55-உம் 43-உம் ஜோடியாகத்தான் பொருந்தும். 55 டயரின் சுற்றளவு சுமார் 3 சதவீதம் கூடுதல் என்பதால், அதை மட்டும் போட்டால் கியர் நீண்டு ஹேர்பினில் எஞ்சின் இன்னும் திணறும். 43 அதை ஈடுகட்டி, மேலே 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் தரும்.

இந்த ஜோடியில் பலர் தவறவிடுவது செயின் நீளத்தை. இரண்டு பல் கூடினால் பழைய செயினில் பின் அச்சு சுமார் 8 மி.மீ. முன்னால் வரும். டயரும் 9.5 மி.மீ. பெரிதாகியிருக்கிறது. ஆக டயருக்கு முன்னால் ஸ்விங்ஆர்ம் குறுக்குப் பகுதியோடும் ஹக்கரோடும் (டயரை ஒட்டிய மட்கார்டு) இருந்த இடைவெளியில் 17 மி.மீ.க்கு மேல் போய்விடும். சிறு கல் சிக்கினாலே ஹக்கர் உடையலாம். இரண்டு கண்ணி கூடுதலான 525 அளவுச் செயின் வாங்கினால் அச்சு பழைய இடத்துக்கு 8 மி.மீ. பின்னால் போய் நிற்கும். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். டயர் காற்று கம்பெனி அளவே, முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ.