ஐடியல் ஸ்லைடர் சோடாப் பெட்டி: ஏலத்தில் எடுத்ததும் அப்புறம் பட்டதும்

சிவப்புக்கு ஆள் மயங்குவான் என்பது ஏலக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நானும் மயங்கினேன். போன வருடம் மார்ச் மாதம், ஒஹாயோவிலிருந்து காலை நாலு மணிக்குக் கிளம்பி இண்டியானாவில் ஒரு பழம்பொருள் ஏலத்துக்குப் போனேன். பெட்ரோல் பங்க் விளம்பரத் தகடுகள், ஜூக் பாக்ஸ்கள், காசு போட்டால் பபிள்கம் தரும் மெஷின்கள் என்று கொட்டகை முழுக்கச் சாமான்கள். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, செக்கச்செவேலென்று, மேலே வெள்ளையில் கோகோ கோலா எழுத்துடன் நின்றது. பட்டியலில் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. இது ஐடியல் ஸ்லைடர், காசு போட்டால் குளிர்ந்த சோடா பாட்டில் தரும் பெட்டி. இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் இருந்த ஐடியல் டிஸ்பென்சர் கம்பெனி செய்தது. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தேடி ஓடுவது வெண்டோ கம்பெனியின் ஆளுயர மெஷின்களைத்தான். கான்சாஸ் சிட்டியில் செய்த வெண்டோ 39, வெண்டோ 44, வெண்டோ 81. அவற்றின் அழகு வேறு, விலையும் வேறு. ஸ்லைடர் அவற்றின் ஏழைச் சித்தப்பா மாதிரி. ஆனால் என்னைக் கேட்டால் மூளை இதில்தான் இருக்கிறது.

மூடியைத் தூக்கினால் உள்ளே இரும்புத் தண்டவாளங்கள் வரிசையாக ஓடும். பாட்டில்கள் அவற்றுக்கு நடுவே கழுத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு வேண்டியதை விரலால் தள்ளித் தள்ளி, சந்து சந்தாக நகர்த்தி, மூலையில் இருக்கும் கதவு வரை கொண்டுவர வேண்டும். காசு போட்டால்தான் அந்தக் கதவு விடும். பாட்டிலை மேலே இழுத்தால் வந்துவிடும். கதவு உடனே பூட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் மின்சாரம் வேண்டாம். மின்சாரம் குளிர வைப்பதற்கு மட்டும். ஒரு வரிசையில் ஆரஞ்சு, அடுத்ததில் கோலா, அதற்கடுத்து இஞ்சி சோடா என்று எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். ஒரே ஒரு சரக்கை மட்டும் விற்க முடியாத சின்னக் கடைக்காரனுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இதில் உலர் வகையும் உண்டு, தண்ணீர் வகையும் உண்டு. என்னுடையது தண்ணீர் வகை. பாட்டில்கள் கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கும். நான் வளர்ந்தது ராஜபாளையத்தில். கோகோ கோலா 1977-ல் இந்தியாவை விட்டுப் போய் 1993-ல்தான் திரும்பி வந்தது. ஆக என் சின்ன வயசில் கோக் கிடையாது. கோல்ட் ஸ்பாட்டும் பவன்டோவும்தான். பெட்டிக்கடைக்காரர் ஐஸ் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுப்பார், பாட்டிலிலிருந்து சட்டையில் சொட்டும். ஏலக் கொட்டகையில் அந்த மூடியைத் திறந்தபோது வந்த ஈர இரும்பு வாசனைதான் என்னைக் கவிழ்த்தது. இல்லாவிட்டால் கொஞ்சம் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பேன்.

ஏலம் 600-ல் ஆரம்பித்தது. எனக்கு எதிரே தொப்பி போட்ட ஒருவர், ஃபோனில் இன்னொருவர். 1,900 டாலரில் சுத்தி விழுந்தது. அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் முதல்முறை ஏலத்துக்குப் போகிறவர்கள். எடுத்த விலைக்கு மேல் ஏலக்கம்பெனிக்கு 20 சதவீதம், அதாவது 380. மொத்தத்துக்கும் சேர்த்து 7 சதவீத விற்பனை வரி. கடைசியில் 2,439 டாலர் 60 சென்ட். ஏற்றிவிட ஆள் கிடையாது, டிரெய்லர் நம் செலவு. பணம் கட்டும் ஜன்னல் மட்டும் பரபரவென்று நடந்தது. அன்றைக்கே இன்னொரு ஸ்லைடர், துருப்பிடித்து, மூடி கோணி, பார்க்கவே பாவமாக நின்றதை யாரோ 425-க்கு எடுத்துப் போனார்கள். அவரைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்தேன். அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

வீட்டில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, பிளக்கை மாட்டினேன். கம்ப்ரசர் இரைந்தது, குளிரவில்லை. மறுநாள் காலையில் கராஜ் தரை முழுக்கத் தண்ணீர். “ஏங்க, இதுக்கு நம்ம பழைய ஃபிரிட்ஜே மேல் இல்லையா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஏலக்கம்பெனிக்கு எழுதினேன். ‘இருந்தது இருந்தபடி விற்கப்பட்டது’ என்ற விதியைக் காட்டி இரண்டே வரியில் பதில் வந்தது. சட்டப்படி சரிதான். ஆனால் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதிய கைதானே அந்த விதியையும் எழுதியது? இந்த அனுபவத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கலாம். அந்த அரை, கட்டணத்தைச் சுத்தமாகக் கணக்குப் பார்த்துத் தந்ததற்கு.

பிறகு கிடைத்தவர்தான் இந்தக் கதையின் நல்ல பகுதி. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பழைய சோடா மெஷின்களை மட்டும் சரிசெய்யும் ஒரு பெரியவர். விளம்பரம் கிடையாது. வெளியாட்கள் தேடி வருவது பிடிக்காது என்பதால் பெயரைப் போடவில்லை. பெட்டியைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல், பையிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து அடிப்பக்கத்தில் வைத்தார். ஒட்டாமல் விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார், அங்கேயும் விழுந்தது. “இங்கே இரும்பே இல்லை, எல்லாம் பட்டிதான்” என்றார். உளுத்த தகரத்தின் மேல் பட்டி அப்பி, தேய்த்து, சிவப்பு அடித்திருக்கிறார்கள். 2,400 டாலர் கொடுத்தவனிடம் ஒரு டாலர் காந்தம் இல்லை.

அடுத்தது ஒயர். துணி சுற்றிய பழைய ஒயர், இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. தண்ணீர் நிரம்பிய இரும்புப் பெட்டியில் ஈரக் கையை விடுகிற சாமான் இது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இதையா குழந்தைகள் இருக்கிற வீட்டில் மாட்டினீர்கள்?” அந்தக் கேள்வி இன்னும் அவ்வப்போது ராத்திரியில் வருகிறது.

கம்ப்ரசரில் இருந்தது ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அமெரிக்காவில் அதன் உற்பத்தியை 1995 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் பழைய யூனிட்டைக் கழற்றி ஆர்-134ஏ என்ற மாற்று வாயுவில் ஓடும் புதியதைப் பொருத்துவதுதான் வழக்கம். அந்த வேலைக்கு அரசாங்கம் அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும். அவரிடம் இருந்தது, சுவரில் மாட்டியிருந்தார். தண்ணீர்த் தொட்டியின் அடித்தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தார். கேஸ்கெட், தெர்மோஸ்டாட், வடிகால் அடைப்பான் எல்லாம் மாற்றினார். இந்தப் பட்டியலை நீட்டுவதில் அர்த்தமில்லை. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்.

பெயிண்ட் சமாச்சாரம்தான் சுவாரசியம். பழைய பெயிண்டை உரிக்க மணல் பீய்ச்சுவதற்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு கை அகலத்துக்கு உப்புக் காகிதத்தால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். (பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், முகமூடி இல்லாமல் தொடக்கூடாது.) சிவப்பு போனது, சாம்பல் வந்தது, பிறகு வெள்ளை, அதற்கும் கீழே பச்சை. பச்சையின் மேல் நிழல் மாதிரி ஒரு ‘7’. என் கோகோ கோலா பெட்டி பிறந்தபோது செவன் அப் பெட்டி! கோக் சிவப்புக்கு விலை கூடும் என்பதால் யாரோ மதம் மாற்றிவிட்டார்கள். இது இந்தத் தொழிலில் அதிசயம் ஒன்றும் இல்லையாம். ஏலத்தில் எடுப்பவர்கள் கீல் பிளவிலும் காசுப் பெட்டிக்கு உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பழைய நிறம் ஒளிந்திருக்கும்.

“சிவப்பே அடித்துவிடவா? விற்கும்போது கூடுதலாகக் கிடைக்கும்” என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி “பச்சை” என்றாள். பச்சைதான்.

பெரியவரிடம் குறை இல்லாமல் இல்லை. மூன்று மாதம் என்றார், ஏழு மாதம் ஆனது. ஃபோனை எடுக்கவே மாட்டார். குரோம் பூச்சை வெளியே யாரிடமோ கொடுத்தார், கைப்பிடியில் ஒரு சின்னக் கொப்புளம் இருக்கிறது. கூலியும் உதிரி பாகமும் சேர்த்து 2,150 டாலர். ஆக எனக்கு ஆன மொத்தச் செலவு 4,589 டாலர் 60 சென்ட். அந்த 425 டாலர் துருப்பெட்டியை எடுத்து நேராக இவரிடமே கொடுத்திருந்தால், கமிஷன், வரி எல்லாம் சேர்த்தும் 2,700-க்குள் முடிந்திருக்கும். துரு ஒளியாமல் தெரிகிற பெட்டியை வாங்குங்கள் என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஆறு மாதமாக ஓடுகிறது. தண்ணீர் வகை என்பதால் காற்றில் குளிர்வதைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. 8 அவுன்ஸ் கோக் கண்ணாடி பாட்டில் நன்றாகத் தொங்குகிறது. மெக்சிகோ ஹரீட்டோஸ் பாட்டில்களும் அப்படியே. அதில் புளிச் சுவை ஒன்று உண்டு, எங்கள் வீட்டில் முதலில் காலியாவது அதுதான். தண்ணீரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வழுவழுவென்று ஆகிவிடும், ஒரு துண்டு பக்கத்திலேயே தொங்க வேண்டும். சோம்பேறிகளுக்கு இது சரிப்படாது.

காசு அமைப்பு ‘டைம்’ என்கிற பத்து சென்ட் நாணயத்தை மட்டும் வாங்கும். ஒரே ஒரு காசு, அவ்வளவுதான் அதற்குப் புரியும். இந்தப் பிடிவாதம் சாதாரணமில்லை. கோக் விலை 1886 முதல் எழுபது வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து சென்ட்டிலேயே நின்றதற்கு ஒற்றைக் காசு மெஷின்களும் ஒரு காரணம். ஒரேயடியாகப் பத்தாக்க மனமில்லாமல், ஏழரை சென்ட்டுக்கு ஒரு காசு அடித்துத் தரச் சொல்லி 1953-ல் கோகோ கோலாவின் ராபர்ட் உட்ரஃப் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரையே கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 1965-ல் டைமிலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டாலும் அளவை மாற்றவில்லை; அதனால் என் பெட்டிக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை, இன்றைய டைமையும் வாங்கிக்கொள்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள்தான் டைம் தேடி சோஃபா இடுக்கில் கையை விடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காசுப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். 64 காசுகள். அதில் ஒன்று கனடா டைம். டொராண்டோவிலிருந்து வந்த மச்சான், கிளம்பும்போது புளி சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, “சரியான காசுதான் போட்டேன் மாப்பிள்ளை” என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார்.