கெயினை எங்கே ஏற்றுவது: டிஸ்டார்ஷனிலா, ப்ரீஆம்ப்பிலா?

பல பெடல், ஆம்ப் ஒலிகளை ஒரே பெட்டியில் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸரில் கிட்டார் ஒலியை உடைத்துக் கரகரப்பாக்க, அதாவது டிஸ்டார்ஷன் கொடுக்க, இரண்டு இடங்கள் உண்டு. பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1ஐயே எடுத்துக்கொள்வோம். 2016இல் வந்த சின்னப் பெட்டி அது. உள்ளே ஓடி/டிஎஸ் (ஓவர்டிரைவ்/டிஸ்டார்ஷன்) என்று ஒரு பிளாக், அதையடுத்து ப்ரீஆம்ப் என்று இன்னொன்று. ஒலி எவ்வளவு உடைய வேண்டும் என்று தீர்மானிக்கும் அளவுக்கு முன்னதில் டிரைவ் என்று பெயர், பின்னதில் கெயின். இரண்டுமே 120 வரை போகும். புதிதாக வாங்கியவர்கள் இரண்டையும் 100ஐத் தாண்டி ஏற்றிவிட்டு, ஹெட்போனில் கொசு மொய்க்கிற மாதிரி இருக்கிறதே என்று நொந்துகொள்வார்கள். குறை பெரும்பாலும் பெட்டியில் இருக்காது.

ஓடி/டிஎஸ் பிளாக்கில் இருப்பவை கால் பெடல்களின் நகல்கள். 1977இல் வந்த ஓடி-1, ஐபனேஸின் ட்யூப் ஸ்க்ரீமரை வைத்துச் செய்த டி-ஸ்க்ரீம், 1991இன் மெட்டல் சோன் என்று பட்டியல் நீளும். ப்ரீஆம்ப் பிளாக்கில் இருப்பவை முழு ஆம்ப்கள்: ரோலண்ட் ஜேசி-120, ஃபெண்டர் ட்வின், மார்ஷல் 1959. (இந்த 1959 மாடல் எண்தான்; ஆம்ப் வந்தது 1965இல்.) ஆம்ப்போடு ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் இதே பிளாக்குக்குள் அடக்கம். இந்த விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் சிக்கல்.

முதல் வழி: ப்ரீஆம்ப்பை க்ளீனாக விட்டு, டிஸ்டார்ஷனை முழுக்க ஓடி/டிஎஸ்ஸிடம் ஒப்படைப்பது. ஜேசி-120ஐ இதற்காகவே தேர்ந்தெடுக்கலாம். 1975இலிருந்து வரும் ட்ரான்சிஸ்டர் ஆம்ப், எளிதில் உடையாது. பெடல் தருவதை அப்படியே வெளியே விடும். பல்லவிக்கு க்ளீன் ஆர்பெஜியோ, இடையிசையில் பவர் கார்ட் என்று மாறுகிற பாட்டுக்கு இது வசதி. ஒரு பெடலை மிதித்தால் வேலை முடிந்தது. ஆனால் பாஸின் பழைய டிஸ்டார்ஷன் பெடலான டிஎஸ்-1 வகை ஒலிகள் முரட்டுத்தனமானவை. டையோடு அலையின் தலையை ஒரே வெட்டாக வெட்டிவிடும். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஒலி மெல்ல இளகாமல் சப்பென்று ஆகிவிடும். ஆறு தந்தியிலும் மேஜர் கார்ட் வாசித்துப் பாருங்கள், மூன்றாம் ஸ்வரம் மற்றவற்றோடு மோதி எல்லாம் கலங்கிப்போகும். பவர் கார்டாக ரூட்டும் ஐந்தாவது ஸ்வரமும் மட்டும் வாசிக்கிறவருக்குத் தொந்தரவில்லை.

இரண்டாவது வழி: ஓடி/டிஎஸ்ஸை அணைத்துவிட்டு ப்ரீஆம்ப்பின் கெயினை ஏற்றுவது. மார்ஷல் 1959இன் நகலான எம்எஸ்1959 வகையில் கெயின் 60 பக்கம் வைத்தால், கிட்டார் வால்யூம் 10இல் ராக், 6இல் ஏறக்குறைய க்ளீன். பிக்கை அழுத்தினால் கரகரக்கும், தடவினால் தெளியும். விரலுக்கு இவ்வளவு பணிகிற ஒலி முதல் வழியில் கிடைக்காது. ரிதம் வாசிக்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் கெயினை 90க்கு ஏற்றி, கீழ் ஈ தந்தியில் பாம் மியூட் செய்யுங்கள், அதாவது உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கியபடி வாசியுங்கள். ‘டக் டக்’ என்று வர வேண்டியது ‘தொம் தொம்’ என்று தளர்ந்து வரும். பேஸ் குமிழைக் குறைத்தாலும் பெரிதாக இறுகாது. மார்ஷல் மாதிரி ஆம்ப்களில் டோன் குமிழ்கள் கெயின் கட்டங்களுக்குப் பிறகுதான் வருகின்றன. கீழ் அதிர்வுகள் ஏற்கெனவே உள்ளே போய் நொறுங்கிவிட்டன. வெளியே வந்தபின் குறைத்து என்ன பயன்?

அதனால்தான் மெட்டல் வாசிப்பவர்கள் மூன்றாவது வழிக்குப் போனார்கள். ப்ரீஆம்ப்பில் நடுத்தர கெயின், அதற்கு முன்னால் டி-ஸ்க்ரீம். டிரைவ் 10, எஃபெக்ட் லெவல் 80, டோன் நடுவில். ட்யூப் ஸ்க்ரீமரின் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்குக் கெயினைக் குறைத்துவிட்டு மிட்டைத் தூக்கிக் கொடுக்கும். ஆம்ப்புக்குள் பேஸ் குறைவாகப் போவதால் பாம் மியூட் இறுகுகிறது. லெவல் கூடுதலாகப் போவதால் ஆம்ப் இன்னும் உடைகிறது. டிஸ்டார்ஷன் ஆம்ப்பினுடையது, பெடல் அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். டிரைவையும் 70க்கு ஏற்றினால் இந்தப் பலன் போய்விடும், இரைச்சல்தான் மிஞ்சும். எனக்கு மூன்றில் ஒன்றுதான் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

அலையை முழுக்க நசுக்கும் ஃபஸ் பெடல் வகை மட்டும் விதிவிலக்கு. ஓடி/டிஎஸ்ஸில் உள்ள மஃப் ஃபஸ் தருகிற அந்த அடர்ந்த இழுவையை எந்த ப்ரீஆம்ப்பாலும் தர முடியாது. அதற்கு க்ளீன் ட்வின்னை வைத்து முதல் வழியிலேயே போங்கள்.

இதெல்லாம் ஹெட்போனுக்கும், மிக்சரில் நேராகச் செருகி வாசிக்கிற மேடைக்கும். அங்கே ப்ரீஆம்ப்பை அணைத்தால் ஸ்பீக்கர் சிமுலேஷனும் சேர்ந்து போய்விடும். நிஜ கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் வெளியே விடாது. அந்த வடிகட்டல் இல்லாத டிஸ்டார்ஷன் காதைக் கீறும்.

நிஜ ஆம்ப்பின் முன் இன்புட்டில் செருகினால் கணக்கு தலைகீழ். ப்ரீஆம்ப் பிளாக்கும் ஓடினால் ஆம்ப்புக்குள் இன்னொரு ஆம்ப்; மந்தமான, மூக்கடைத்த ஒலி வரும். அப்போது ப்ரீஆம்ப்பை அணைத்து ஓடி/டிஎஸ்ஸை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. ஆம்ப்பின் பின்னால், அதன் சொந்த ப்ரீஆம்ப்பைத் தாண்டிச் செல்லும் ரிட்டர்ன் இன்புட் இருந்தால் அதில் செருகுங்கள், ஜிடி-1இன் ப்ரீஆம்ப்பையும் பயன்படுத்தலாம். எதுவானாலும், பெட்டியை எதில் செருகியிருக்கிறோம் என்று சொல்லும் அவுட்புட் செலக்ட்டில் சரியான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிக்சருக்கும் ஹெட்போனுக்குமான லைன்/ஃபோன்ஸ் என்றே விட்டுவிட்டால் ஸ்பீக்கர் சிமுலேஷன் நிஜ ஸ்பீக்கரின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், சோலோ. மூன்றாவது வழியில் வாசிக்கிறவர்கள் சோலோ வரும்போது டி-ஸ்க்ரீம் லெவலை ஏற்றினால் சத்தம் கூடும் என்று நினைப்பார்கள். கூடாது. ஏற்கெனவே நிறைந்துவிட்ட ப்ரீஆம்ப் அதை இன்னும் கொஞ்சம் டிஸ்டார்ஷனாக மாற்றும், சத்தம் அதே அளவில் நிற்கும், மேடையில் நீங்கள் டிரம்ஸுக்குப் பின்னால் காணாமல்போவீர்கள். ப்ரீஆம்ப்பிலேயே சோலோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் பெட்டியில் உள்ள சிடிஎல் (கன்ட்ரோல்) பெடலுக்கு ஒதுக்கி, சோலோ லெவலை பேண்டோடு சேர்ந்து வாசிக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் ஹெட்போனில் வைத்த அளவு மேடைக்குப் போதாது.