ஊருக்கு வந்த இடத்துல லேப்டாப் வாங்கின அனுபவம்: ஸ்க்ரீன், கிராபிக்ஸ், டிஸ்க் டிரைவ்

லீவுக்கு ஊருக்கு வர்றேன்னு சொன்னதும் தங்கச்சி கேட்டது, "அண்ணா, வரும்போது பாப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிட்டு வந்துடறியா?"ன்னுதான், அவ பொண்ணு ஆர்க்கிடெக்சர் சேந்திருக்கா. நான் வேணாம்னு சொல்லிட்டேன். லேப்டாப் வாரண்டி நிறைய மாடலுக்கு வாங்கின நாட்டுல மட்டும்தான் செல்லும், நான் திரும்பிப் போனப்புறம் ஸ்க்ரீன்ல ஒரு கோடு விழுந்தா அத தூக்கிட்டு அவ எங்க அலைவா, அதுவும் இல்லாம கீபோர்டு லேஅவுட் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஊர்லயே வாங்குவோம், நான் கூட வர்றேன், யூஸ் பண்ணப்போறவளே கைவச்சுப் பாத்து எடுக்கட்டும்னு சொன்னேன்.

கடைங்கள்ல சர்வீஸ் பத்தி முதல்ல நல்லத சொல்லிடறேன். எவ்வளவு நேரம் நின்னாலும் முகம் சுளிக்கல, உக்கார சேர் போட்டுக் குடுத்தாங்க, கேட்ட மாடல எல்லாம் எடுத்து வச்சாங்க. ஆனா விக்கிற பசங்களுக்கு சொல்லிக்குடுத்திருக்கிறது ப்ராசசர் பேரும் ரேமும் மட்டும்தான், ஸ்க்ரீன் எப்படின்னு கேட்டா "ஃபுல் ஹெச்டி சார்"ங்கிறதோட முடிஞ்சுது. எட்டு மணி நேரம் கண்ணு பாக்கப்போறது ஸ்க்ரீனத்தான், அதப் பத்தி ஒரே வார்த்தையில பதில் வந்தா எப்படி?

டெமோ பீஸ் எல்லாத்துலயும் ப்ரைட்னஸ ஃபுல்லா வச்சு கலர் கலரா ஒரு வீடியோ ஓடிட்டே இருக்கும், அதுல எந்த ஸ்க்ரீனும் அழகாத்தான் தெரியும். அத நிறுத்தச் சொல்லுங்க. பாப்பா அவ வரைஞ்ச ஒரு ப்ளான பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்திருந்தா, வெள்ளை பேக்ரவுண்டுல மெல்லிசா சாம்பல் கோடு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லேப்டாப், ரெண்டுமே 15.6 இன்ச், ரெண்டுமே 1920 × 1080. ஒண்ணுல மூடிய கொஞ்சம் பின்னால சாய்ச்சதும் அந்தக் கோடெல்லாம் வெளிறி காணாமப் போச்சு, அது டிஎன் பேனல், அதாவது டிஎன்ங்கிற வகை ஸ்க்ரீன். இன்னொண்ணு ஐபிஎஸ்ங்கிற வகை, சைடுல நின்னு பாத்தாலும் கோடு அப்படியே இருந்துச்சு. ஸ்டிக்கர்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். "மாமா, இது வேணாம்"னு அவளே தள்ளி வச்சுட்டா, நான் வாயத் தெறக்கவே வேண்டியிருக்கல.

அப்புறம் வெளிச்சம். ஸ்க்ரீன் வெளிச்சத்த நிட்ஸ்னு அளப்பாங்க, 250 நிட்ஸ்ங்கிறது விலை கம்மி மாடல்ல சகஜம், ரூமுக்குள்ள ஓடிரும், ஜன்னல் பக்கம் உக்காந்தா கஷ்டம், 300க்கு மேல இருந்தா நல்லது. கலர்ல வேலை இருக்கிறவங்க ஸ்பெக் ஷீட்ல "45 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னு (ஸ்க்ரீன் எவ்வளவு கலர் காட்டும்னு சொல்ற ஒரு அளவு) போட்டிருந்தா அந்த மாடல விட்டுடுங்க, அது எஸ்ஆர்ஜிபிங்கிற இன்னொரு கலர் அளவுக் கணக்குல பாத்தா 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் வரும், சிவப்பு எல்லாம் செங்கல் கலர்ல தெரியும். நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு இருக்கறத கேளுங்க. 1920 × 1200 ஸ்க்ரீன் கெடைச்சா இன்னும் நல்லது, உயரத்துல 120 பிக்சல் கூட வருது, டூல்பார் எடுத்துக்கிட்டது போக வரையறதுக்கு இடம் மிஞ்சும். 144 ஹெர்ட்ஸ்னு, அதாவது செகண்டுக்கு 144 தடவை படம் மாறும்னு, பெருமையா காட்டுனாங்க, அது கேம் விளையாடறவங்களுக்கு, ப்ளான் போட அதால பெருசா ஒண்ணுமில்ல. ஓஎல்இடிங்கிற வகை ஸ்க்ரீன் ஒண்ணும் பாத்தோம், கறுப்பு அப்படி ஒரு கறுப்பு, கண்ண எடுக்க முடியல, ஆனா நாள் முழுக்க ஒரே இடத்துல டூல்பார் நிக்கிற வேலைக்கு வருஷக்கணக்குல ஓட்டுனா அந்தத் தடம் படிஞ்சு போற வாய்ப்பு இருக்கு, அதனால அவளுக்கு ஐபிஎஸ் போதும்னு எனக்குப் பட்டுச்சு.

கிராபிக்ஸ்லதான் எனக்குக் கோவம் வந்துச்சு. ஒரு கடையில "இதுல 8 ஜிபி கிராபிக்ஸ் இருக்கு சார்"னு அடிச்சு சொன்னாரு. தம்பி, டாஸ்க் மேனேஜர கொஞ்சம் ஓப்பன் பண்ணுங்கன்னேன். பெர்ஃபார்மன்ஸ் டேப்ல ஜிபியுவ, அதான் கிராபிக்ஸ் சிப்ப, க்ளிக் பண்ணா ஷேர்டு மெமரி 8 ஜிபின்னு வருது, டெடிகேட்டட்னு, அதாவது கிராபிக்ஸுக்குன்னே தனியான மெமரின்னு, சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல. அதாவது மெஷின்ல இருக்கிற 16 ஜிபி ரேம்ல பாதி வரைக்கும் தேவைப்பட்டா கிராபிக்ஸ் எடுத்துக்கலாம்னு விண்டோஸ் காட்டற கணக்கு அது, தனி கார்டே கிடையாது. அந்தப் பையன் பொய் சொல்லல, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க, ஆனா நம்பி வாங்குற பிள்ளைதான் நஷ்டப்படும்.

எல்லாருக்கும் தனி கார்டு வேணும்னு இல்ல. படம் பாக்க, டைப் பண்ண, ஆட்டோகேட்ல 2டி வரைய உள்ளயே இருக்கிற கிராபிக்ஸ் தாராளம். ஆனா அதுக்கும் ஒரு விஷயம் உண்டு, அது ரேமையே நம்பி ஓடறதால ஒரே ஸ்டிக் போட்ட மெஷின்ல மெதுவாயிடும், ரெண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனல்ல, அதாவது ரெண்டும் ஒரே நேரத்துல சேந்து, ஓடுனா வித்தியாசம் நல்லா தெரியும். 3டி மாடல் பண்ணி அத நிஜப் படம் மாதிரி ரெண்டர் எடுக்கணும்னா தனி கார்டு வேணும், அதுல விராம் (VRAM, கார்டோட சொந்த மெமரி) எவ்வளவுன்னு கேளுங்க. அதே பேர்ல இருக்கிற கார்டும் எல்லா லேப்டாப்லயும் ஒரே மாதிரி ஓடாது. என்விடியா கம்பெனியோட ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கார்டையே எடுத்துக்கோங்க, 6 ஜிபி விராம், ஆனா மெஷின் செஞ்ச கம்பெனி அதுக்கு 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் குடுத்திருக்கலாம். ஒல்லி லேப்டாப்ல கம்மியாத்தான் குடுப்பாங்க, சூடு தாங்காதுல்ல. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனா அந்த வாட் கணக்கு இருக்கும், கடையிலயே பாத்துடலாம்.

ஸ்டோரேஜ் பத்தி நெறைய சொல்ல ஒண்ணுமில்ல, எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்புலயே சேமிக்கிற டிஸ்க்) தவிர வேற எதையும் எடுக்காதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி பக்கம் படிக்கும், சாட்டாங்கிற பழைய வகை இணைப்புல வர்ற எஸ்எஸ்டி 550, என்விஎம்இங்கிற புது வகைன்னா ஆயிரக்கணக்குல போகும். 512 ஜிபி போட்டா விண்டோஸ் 476ன்னு காட்டும், அது கணக்கு வித்தியாசம்தான், யாரும் ஏமாத்தல. பின்னால இன்னொரு எஸ்எஸ்டி மாட்டறதுக்கு இன்னொரு எம்.2 ஸ்லாட் காலியா இருக்கான்னு கேட்டு வச்சுக்கோங்க.

தங்கச்சிக்கு வேற கவலை. "அண்ணா, இதுல சிடி போடற இடமே இல்லையே"ன்னா. வீட்டுல ஃபேமிலி வீடியோ எல்லாம் டிஸ்க்ல கெடக்கு, பாதிக்கு மேல விசிடி. டிரைவ் உள்ளயே இருக்கிற மாடல்தான் வேணும்னு தேடுனா கைக்கு வர்றது பழைய ப்ராசசர், மங்கின ஸ்க்ரீன், அதுக்காக மத்ததெல்லாம் விட்டுக்குடுக்கறது சரியில்ல. யுஎஸ்பில மாட்டற டிவிடி ரைட்டர் தனியா வாங்கிட்டோம். 700 எம்பி சிடி, 4.7 ஜிபி டிவிடி ரெண்டும் படிக்கும். டிஸ்க் சுத்த ஆரம்பிச்சு பாதியில நின்னுச்சுன்னா பெரும்பாலும் கரண்ட் பத்தலன்னு அர்த்தம், ஹப்ல மாட்டாம லேப்டாப்லயே நேரா மாட்டுங்க. விண்டோஸ்ல டிவிடி பாக்க தனியா ப்ளேயர் வேணும், விஎல்சி போட்டுட்டா விசிடியில எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டருக்குள்ள இருக்கிற டேட் (.dat) வீடியோ ஃபைலும் ஓடும்.

பில் போடறதுக்கு முன்னாடி பெட்டிய எங்க முன்னாலயே பிரிச்சு ஆன் பண்ணச் சொன்னோம், வெள்ளை, கறுப்பு, சிவப்புன்னு ஒவ்வொரு கலரா ஸ்க்ரீன் முழுக்க வச்சு டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருக்கான்னு பாத்தோம், டெமோ பீஸ்ல பாத்த அதே பேனல்தானான்னு மாடல் நம்பர கடைசி எழுத்து வரைக்கும் சரி பாத்தோம், ஏன்னா ஒரே பேர்ல ரெண்டு மூணு ஸ்க்ரீன் போட்டு விக்கிறாங்க. கடைக்காரங்க முகம் கோணாம எல்லாத்துக்கும் ஒத்துழைச்சாங்க, அதுக்கு அவங்களுக்கு நன்றி. தங்கச்சி இப்ப டிஸ்க் ஒவ்வொண்ணா காப்பி பண்ணிட்டிருக்கா, படிக்க மறுக்கறத மெல்லிசான துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா தொடைக்கச் சொல்லியிருக்கேன், வட்டமா தொடைச்சா கீறல் டிராக்கோட போக்குலயே விழுந்து அந்த இடத்த அப்புறம் படிக்கவே முடியாமப் போயிடும்.