கரூர் மிச்ச நூலில் ஒரு காய்கறிப் பை: இரண்டரை வருட அனுபவம்

"ஏம்மா, பையிலேருந்து வெங்காயம் விழுது பாரு!"

திருச்சி தென்னூர் உழவர் சந்தையிலிருந்து திரும்பி வரும்போது பின்னால் வந்த ஒரு அம்மா கூப்பிட்டுச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழி முழுக்கச் சின்ன வெங்காயம். நான் முதன்முதலாகப் பின்னிய குரோஷா (ஹூக் எனும் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) பை அது. வெளிநாட்டு பேட்டர்ன் (பின்னல் செய்முறைக் குறிப்பு) ஒன்றை ஒரு வரி மாற்றாமல் அப்படியே பின்னியிருந்தேன். ஆரஞ்சுப் பழமும் நீளமான ரொட்டியும் வாங்கிப் போகிறவர்களுக்காக எழுதப்பட்ட வலைப் பை. அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத்தான் கெட்டிப் பின்னல், அதற்கு மேல் எல்லாமே வலை. கனம் ஏறியதும் வலைக் கண்கள் விரிந்துவிட்டன.

அந்தப் பை இரண்டு மாதம்கூடச் சந்தைக்கு வரவில்லை. அடுத்துப் பின்னியது 2023 மார்ச்சிலிருந்து இரண்டரை வருடமாக வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போய் வருகிறது. இது பெரும்பாலும் அந்த இரண்டாவது பையின் கதை.

முதல் பைக்குக் கடையில் கிடைத்த அக்ரிலிக் நூலைத்தான் வாங்கினேன். குரோஷா பழகத் தொடங்கும் எல்லோரும் வாங்குவது அதுதான். சால்வைக்கும் குழந்தைத் தொப்பிக்கும் அருமையான நூல், சுமை தூக்கும் பைக்குச் சரிப்படாது. தேங்காய் இரண்டு, உருளைக்கிழங்கு ஒரு கிலோ என்று போட்டதில் 50 சென்டிமீட்டர் கைப்பிடி 68 சென்டிமீட்டராக நீண்டு, பை முழங்காலில் இடித்தது. துவைத்தாலும் பழைய அளவுக்கு வரவில்லை. பைக்குப் பருத்திதான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆனால் குரோஷாவுக்கென்று உருண்டையாக விற்கும் கெட்டிப் பருத்தி நூல் 100 கிராம் 300 ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு பைக்கு இரண்டு உருண்டை வேண்டும். காய்கறிப் பைக்கு 600 ரூபாய் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் கரூரில் இருக்கும் நாத்தனார் போனில் சொன்னாள்: "அண்ணி, இங்க எக்ஸ்போர்ட் மிச்ச நூலெல்லாம் மூட்டையா போட்டு எடைக்கு விக்கிறாங்க. ஒருநாள் வந்து பாருங்க." திருச்சியிலிருந்து ஈரோடு போகும் ரயிலில் ஏறினேன். குளித்தலை வழியாகக் காவிரியை ஒட்டியே போகும் பாதை, ஜன்னலோரம் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது.

கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று வீட்டு உபயோகத் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அதற்குக் கனமான நூல் போகும். ஆர்டர் முடிந்ததும் சாயம் போட்ட நூல், அதைச் சுற்றிவைக்கும் கூம்புகளான கோன்களில் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சும். செங்குந்தபுரம், காமராஜபுரம் பக்கம் விசாரித்துக்கொண்டே போனால் அந்த மிச்சத்தை வாங்கி விற்பவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். நான் போன கடையில் ஆளுயரத்துக்குச் சாக்கு மூட்டைகள். எதிலும் விலைச்சீட்டு இல்லை, நூலின் வகையும் எழுதியிருக்கவில்லை.

அங்கே போவதற்கு முன் நூல் நம்பர் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது மிக அவசியம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நாத்தனாரின் மாமனார், முப்பது வருடம் தறி ஓட்டியவர். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். அதனால் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20-ஆம் நம்பரில் ஒரு கிராமுக்குச் சுமார் 34 மீட்டர் வரும். '2/20' என்றால் அந்த நூலில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியது, கிராமுக்கு 17 மீட்டர். தனி இழையாக வரும் 10-ஆம் நம்பரும் அதே கனம்தான்.

என் பேட்டர்ன் கேட்ட நூல் 100 கிராமுக்கு 200 மீட்டர், அதாவது கிராமுக்கு 2 மீட்டர். 17-ஐ எட்டால் வகுத்தால் 2.1. ஆக 2/20 நூலில் எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் நான் தேடிய கனம் கிடைத்துவிடும்! இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு நூல் கடைக்குப் போவதே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்த மெல்லிய கோனைப் பார்த்தாலும் எத்தனை இழை வேண்டும் என்று மனதில் ஓடத் தொடங்கிவிடும்.

ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்டதில்) எட்டு கருநீலக் கோன்கள் கிடைத்தன, எல்லாமே ஊடைக்கு, அதாவது தறியில் குறுக்கே போகும் இழைக்கு, ஓட்டி மிஞ்சியவை. நெடுக்கே போகும் பாவு நூலாக இருந்தால் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கலாம், அலசாமல் பின்னுவது கஷ்டம். மூட்டையிலிருந்து முதலில் எடுத்த எட்டில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இரண்டு வாங்கினேன். ஒரு முழ நூலை இரண்டு கையிலும் சுற்றிச் சட்டென்று இழுத்தபோது அவை இரண்டும் 'பொட்'டென்று விட்டுவிட்டன. வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்த நூல் அப்படித்தான் இற்றுப்போயிருக்கும். அப்புறம் ஒரு துண்டு நூலைக் கடைக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பார்த்தேன். காகிதம் எரிகிற வாசனையும் பொடிந்துபோகிற சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியாக உருண்டு நின்றால் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ கலந்திருக்கிறது. மூன்றாவதாக, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் கோனை அழுத்தித் தேய்த்தேன், லேசாக நீலம் ஒட்டியது. கருநீலத்தில் அவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று வாங்கிக்கொண்டேன். கிலோ 200 ரூபாய், எட்டு கோனும் சேர்த்து 1.6 கிலோ, 320 ரூபாய். மாம்பழ மஞ்சளில் இரண்டு சின்னக் கோன்களும் சேர்த்து எடுத்தேன். ஒரு பைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு நூல்தான். ஆனால் மிச்ச நூலில் அதே நிறம், அதே லாட் மறுபடி கிடைக்காது. பிடித்திருந்தால் அன்றைக்கே முழுவதையும் எடுத்துக்கொள்வதுதான் சரி.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு மாதிரித் துண்டு. 20 கண்ணியில் பின்னியது 12.5 சென்டிமீட்டர் வந்தது. வெந்நீரில் துவைத்துக் காயவைத்த பிறகு 11.8. கோனிலிருந்து நேராகப் பின்னும் பருத்தி இப்படிச் சுருங்கத்தான் செய்யும். அதனால் பையின் சுற்றளவுக்கு 90 கண்ணி போதும் என்று தோன்றிய இடத்தில் 96 வைத்தேன். மாதிரித் துண்டு பின்னுவது பலருக்கும் சலிப்பான வேலை என்று தெரியும். ஆனால் பெயரும் அளவும் எழுதாத நூலுக்கு வேறு வழியே இல்லை.

பேட்டர்ன் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அடிப்படையான ஒரே பின்னலுக்குத்தான் பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷே' என்றும் அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' என்றும் பெயர். இன்றைய பிரிட்டிஷ் பேட்டர்னில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் பொதுவாக வராது. அந்தப் பெயர் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே நான் சொல்வதும் அமெரிக்க முறைதான்.

என் மாற்றம் அடியில் தொடங்கியது. 5 மி.மீ. ஹூக்கை விட்டு 4 மி.மீ. எடுத்தேன். ஆறு சிங்கிள் குரோஷேயில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டி, 16 சுற்றில் 96 கண்ணி. சுற்றுகளைச் சேர்க்காமல் சுருளாகவே ஓட்டினேன், சுற்றின் தொடக்கம் தெரிய ஒரு ஊக்கு குத்திக்கொண்டேன். அதன்பின் எதையும் கூட்டாமல் 12 சுற்று நேராக மேலே. கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கெட்டிக் கிண்ணம் மாதிரி நிற்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேல்தான் வலை. பேட்டர்னில் ஐந்து செயின் (சங்கிலிப் பின்னல்) வளைவு இருந்த இடத்தில் மூன்று செயின் போட்டு, இரண்டு கண்ணி விட்டு, ஒரு சிங்கிள். சுற்றுக்கு 32 வளைவு, 14 சுற்று. இந்த வலைப் பகுதியில் ஆறு இழை நீலம், இரண்டு இழை மஞ்சள் என்று கலந்தேன். மழை நேரத்து வானத்தில் வெயில் எட்டிப் பார்த்த மாதிரி ஒரு நிறம் வந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. வாய்ப்பகுதிக்கு ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கண்ணி மட்டும் எடுத்து 64-ஆகக் குறைத்து நாலு சுற்று.

எட்டு இழையைச் சேர்த்துப் பின்னுவதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு இழை தொய்ந்து பின்தங்கும், ஹூக் அதை விட்டுவிட்டு ஏழை மட்டும் இழுக்கும். கோன்களை வரிசையாகத் தரையில் நிறுத்தி, எல்லா இழையையும் ஜன்னல் கம்பியில் கட்டிய ஒரு சாவி வளையத்துக்குள் விட்டு எடுத்தேன். வளையத்தைத் தாண்டி வரும்போது எட்டும் ஒரே இழுவையில் வருகின்றன. முதல் நாள் வளையம் இல்லாமல் பின்னிய ஐந்து சுற்றையும் பிரித்து மறுபடி போட்டேன்.

கைப்பிடிக்குத்தான் அதிக யோசனை போனது. பேட்டர்னில் கைப்பிடியைக் குறுக்கு வரிசையாக, அகலம் எட்டு கண்ணி வைத்துத் திரும்பத் திரும்பப் பின்னச் சொல்லியிருந்தார்கள். அப்படிப் பின்னினால் சுமை ஒவ்வொரு வரிசையையும் இழுத்துப் பிரிக்கும். நான் வாயின் ஒரு பக்கத்திலிருந்து 85 செயின் போட்டு எதிர்ப்பக்கத்தில் இணைத்து, அதன் மேல் நீளவாக்கில் ஏழு வரிசை போட்டேன். இரண்டு விளிம்பிலும் ஸ்லிப் ஸ்டிச் என்ற உயரம் குறைந்த பின்னல். கடைசியாக உள்பக்கம் ஒரு அங்குலப் பருத்தி நாடாவைக் கையால் தைத்தேன். சுமையைத் தாங்குவது அந்த நாடாதான். தைத்து முடித்து அளந்தபோது 52 சென்டிமீட்டர். இரண்டரை வருடம் கழித்துப் போன வாரம் அளந்தேன், 55.

முடிந்த பையின் எடை 190 கிராம், நூல் விலை 38 ரூபாய். ரயில் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. நாத்தனார் வீட்டுக்கு எப்படியும் போவேன்.

உபயோகத்தில் கண்ட குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று துவையலில் நீலம் இறங்கியது. உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பலர் சொல்வார்கள். நானும் உப்பு போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. நூலில் ஒட்டாமல் தங்கிவிட்ட சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு முறை நன்றாக அலசிய பிறகு நின்றுவிட்டது. கீரைக் கட்டிலிருந்து வரும் மண் கெட்டிப் பின்னலுக்குள் புகுந்துகொள்கிறது, உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் துவைக்க வேண்டும். முருங்கைக்காய் நுனி வலையில் மாட்டும். மார்கழி மாதத்தில் அடிப்பகுதி காய ஒன்றரை நாள் ஆகிறது. ஒருமுறை ஆட்டோ கம்பியில் மாட்டி ஒரு வளைவு அறுந்தது, மிச்ச நூல் இருந்ததால் பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். ஐந்து கிலோ வரை பயமில்லாமல் தூக்குகிறேன். மஞ்சப்பை மாதிரியே மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கரூருக்கு அடுத்த முறை போனபோது இன்னும் மலிவாக, கிலோ 120 ரூபாய்க்கு 10-ஆம் நம்பர் ஓ.இ. (ஓப்பன் எண்ட் என்ற முறையில் நூற்ற) நூல் கிடைத்தது. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்டை மறுபடி பஞ்சாக்கி நூற்கிற நூல் இது. துணியின் நிறமே நூலுக்கும் வந்துவிடுவதால் பல நிறங்களைப் புதிதாகச் சாயம் போடாமலே எடுக்கிறார்கள். அந்த யோசனையே எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு பை பின்னி நாத்தனாருக்கே கொடுத்தேன். தினமும் டிபன் பாக்ஸ் வைத்து எடுத்துப் போனாள். ஆறாவது மாதமே பஞ்சு பஞ்சாக எழும்பியது, பதினாலாவது மாதத்தில் கைப்பிடி தேய்ந்து அறுந்தது. அவளுடைய பைக்கு நான் நாடா வைத்துத் தைக்கவில்லை. ஓ.இ. நூலை முறுக்குப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: சீராகப் பிரியாது, இழையைச் சுற்றி அங்கங்கே மெல்லிய பஞ்சு வளையம் கட்டியிருக்கும். பானை பிடிதுணிக்கும் மேசை விரிப்புக்கும் அதைத் தாராளமாக வாங்கலாம். பைக்கு என்றால் கைப்பிடியை மட்டுமாவது 2/20-யில் போடுங்கள்.

பனியன் துணியைப் பட்டையாக வெட்டிச் சுற்றி விற்கும் டி-ஷர்ட் நூலிலும் ஒன்று முயன்றேன். இரண்டு சாயங்காலத்தில் பை முடிந்துவிட்டது. ஆனால் வெறும் பையே 640 கிராம் எடை, ஈரமானால் இன்னும் கனம். சந்தைக்கு எடுத்துப் போவதை விட்டுவிட்டு அதில் பழைய செய்தித்தாள் போட்டு வைத்திருக்கிறேன்.

எட்டு கோனில் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் நீலம் இருக்கிறது. போன மாதம் மாமியார் நீலப் பையை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மா, தோள்ல வேண்டாம், கையில பிடிக்கிற மாதிரி" என்றார். 85 செயினை 40-ஆகக் குறைத்து இரண்டு கைப்பிடியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாடா வாங்கிவிட்டேன், தைக்க வேண்டியதுதான் பாக்கி.